கைப்பிடிச் சுற்று

கையால் ஆளப்படும் கருவி எதுவாயினும், கை பற்றும் இடம் நாளடைவில் தேயும். அரிவாளின் பிடியும் மண்வெட்டியின் காம்பும் இதற்குச் சான்று. மேசைமேல் பந்தாடும் கோலும் இதற்கு விலக்கன்று.

அவ்வாட்டம் மேலைநாட்டு வழியில் வந்ததாயினும் கொங்குநாட்டிற்கு அயலானதன்று. சத்தியமங்கலத்திற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் நீலமலையில், உதகை மன்றத்தில்தான் 1882ஆம் ஆண்டில் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதி வைக்கப்பெற்றன. அதற்கு உறவான பூல் ஆட்டத்தின் கோல்கள் பலவற்றில், கை பற்றும் பகுதியில் லினன் நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பர். அந்நூல் வியர்வையை ஈர்க்கும். பிடி வழுவாமல் காக்கும்.

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றை அடுத்த தெருவொன்றில் வாழ்ந்த இளைஞன் ஒருவனிடம் அத்தகைய கோல் ஒன்று இருந்தது. அது மறைந்த தந்தையார் விட்டுச்சென்ற பொருள். அதன் நூல் கறுத்து, ஓரிடத்தில் தளர்ந்து, கைக்குள் நழுவியது. ஆயினும் அதனை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

“இது அப்பா பிடித்த நூலுங்க, அப்புச்சி. இதை அவிழ்த்துவிட்டால் அவர் கைபட்டது எதுவும் மிஞ்சாதுங்களே” என்றான், தாயைப் பெற்ற பாட்டனாரிடம்.

உழவராகிய பாட்டனார் சுவரில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்தார். “கண்ணு, இது என் ஐயன் வாங்கியது. பிடியை நான்கு முறை மாற்றிவிட்டேன். மாற்றாதிருந்தால் என்றோ துருப்பிடித்து மூலையில் கிடந்திருக்கும். வியர்வை ஊறிய நூலுக்கடியில் மரம் என்ன ஆயிற்றென்று பார்த்தாயா?” என்றார்.

இளைஞன் விடை கூறவில்லை. கோலை அவர் கையில் கொடுத்தான்.

கத்தியால் நீளவாட்டில் கீறினால் வேலை விரைவில் முடியும். ஆனால் மரத்தில் வடு விழும். ஆகவே பாட்டனார் நூலின் முனையைத் தேடிப் பிடித்துச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். தளர்ந்திருந்த இடத்தின் அடியில் மரம் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது, நல்வேளையாக இற்றுப்போகவில்லை. இளைஞன் அவ்விடத்தை நெடுநேரம் விரலால் தடவிப் பார்த்தான். பின்பு பழைய பசையை ஈரத்துணியால் நனைத்து, கொட்டாங்கச்சிச் சில்லால் மெல்லச் சுரண்டினான். கோலை நிழலில் உலர்த்தி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தான்.

புது நூலைச் சுற்றும்பொழுது பாட்டியார் துணைக்கு வந்தார். மல்லிகைக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் நாள்தோறும் பூத்தொடுத்துப் பழகிய விரல்கள் அவருடையவை. மெல்லிய பசை தடவிய கோலை இளைஞன் உருட்ட, அவர் நூலை இழுத்துப் பிடித்தார். பாதி சுற்றியதும், “நடுவில் இளகிவிட்டது, கண்ணு, அவிழ்த்துவிடு” என்றார். இளைஞன் முகம் வாடினான்; எனினும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான்.

முடிவை நெருங்கியபோது, தனி நூலொன்றை வளையமாக மடித்துக் கோலின்மீது கிடத்தி, அதன்மேல் இறுதிச் சுற்றுகளைச் சுற்றினர். பின்பு, நூலின் முனையை வளையத்துள் கோத்து, வளையத்தின் மறுமுனையை இழுத்தனர். முனை சுற்றுகளின் அடியிற் புகுந்து மறைந்தது. முடிச்சு எதுவும் கைக்கு உறுத்தவில்லை. வழவழப்பான கண்ணாடிப் புட்டியை அதன்மேல் உருட்டி அழுத்தவே நூல் சமமாகப் படிந்தது.

முதல் சில நாள்கள் அவ்வெண்ணூல் அவனுக்கு அயலாகவே தோன்றியது. ஆயினும் பிடி நழுவவில்லை. தந்தையார் ஆடிய கோலைக் கொண்டே அவன் நாள்தோறும் ஆடிப் பழகினான்.

ஓராண்டு சென்றது. நூலின் வெண்மை மங்கிப் பழுப்பேறியது. “பார்த்தாயா, உன் கையும் அதில் ஏறிவிட்டது” என்றார் பாட்டனார். “அடுத்த முறை சுற்றும்பொழுது நீயே முனையைத் தேடு.”

முன்னோர் பொருளைத் தொடாமல் வைத்திருப்பது மட்டும் அதைப் போற்றுவதாகாது. தேய்ந்ததை மாற்றிப் பயன்பட வைப்பதும் அவர்க்குச் செய்யும் சிறப்பேயாகும்.