வக்கீலைத் தேடுவது அவிசுவாசமா?



“வக்கீலிடம் போகவில்லை ஐயா, காரியத்தைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டோம்” என்று ஒரு விசுவாசி எழுந்து சொல்லும்போது, சபையார் “ஆமென்” என்கிறார்கள். நல்லது. ஆனால் அப்படிச் சொன்னவருடைய வீட்டில், வேதாகமத்தின் கீழே உறை பிரிக்காத தபால் ஒன்று இருக்குமானால், முதலாவது கேட்கவேண்டியது வேறொன்று: அந்தத் தபாலில் எத்தனை நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள்?

சகோதரன் சகோதரன்மேல் வழக்குத் தொடுத்து அவிசுவாசிகளுக்கு முன்பாகப் போவதைப் பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதே பவுல், எருசலேமில் தம்மை வாரினால் அடிக்க அழுங்கட்டியபோது, தாம் ரோமக் குடிமகன் என்பதைச் சொல்லி நியாயம் கேட்டார்; பின்பு இராயனுக்கு அபயமிட்டார். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முடிவிலோ, சேனா என்னும் நியாயசாஸ்திரி ஒரு குறைவுமில்லாமல் வழியனுப்பப்பட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறார். சபைக்குள் இருவருக்கு வழக்கென்றால் மூப்பர்கள் முன்பாக உட்காருங்கள். வெளியார் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும்போது அந்த அதிகாரத்தைக் காட்டி வீட்டில் உட்கார்ந்திருப்பது வசனத்துக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது.

எங்கள் மும்பைச் சபையில் இட்லி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். மகளின் படிப்புக்காக ஒருவரிடம் கடன் வாங்கியபோது, ஈடாகத் தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். கடனில் பெரும்பகுதியை வங்கி வழியாகவே திருப்பிச் செலுத்தியும் இருந்தார். கடன் கொடுத்தவர் அந்தக் காசோலையில் முழுத் தொகையையும் எழுதி வங்கியில் போட்டார். அது பணமின்றித் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தபடியால் சகோதரர் அதை மடித்து வைத்துவிட்டு உபவாசத்தில் இறங்கினார். அவர் மனைவி 12ஆம் நாள் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

அந்த 12 என்கிற எண்ணே எங்களை அன்று மாலையே வக்கீலின் படியேற வைத்தது. காசோலை திரும்பினால், 138ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைச் செலுத்தலாம். அது கடந்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் எதிராளி குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். “கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, தொகை அவர் எழுதியது” என்று சொல்லித் தப்பவும் முடியாது. வெற்றுக் காசோலையானாலும் மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் சட்டத்தின் அநுமானம் வைத்திருப்பவர் பக்கமே என்று உச்சநீதிமன்றம் 2019இல் தீர்த்திருக்கிறது. ஆனால் கடனில் ஒரு பகுதி திரும்பச் செலுத்தப்பட்டபின், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் அந்தப் பிரிவு செல்லாது என்றும் அதே நீதிமன்றம் 2022இல் சொன்னது. நம்முடைய சகோதரரை நிமிர வைத்தது இந்த இரண்டாவது தீர்ப்பு. இதை நீங்களோ நானோ எங்கே அறிவோம்? வக்கீல் அவருடைய வங்கிக் கணக்கேட்டைப் பார்த்தார், இரண்டு பக்கத்தில் பதில் எழுதி அனுப்பினார். மீதித் தொகையைத் தவணையாகக் கட்டுவதென்று பின்பு சமாதானமாயிற்று. உபவாசத்தை விடும்படி அவரை யாரும் சொல்லவில்லை.

ஆகவே வாசகரே, காகிதத்தில் நாள் குறித்திருந்தால் வக்கீல் வேண்டும். நீதிமன்றத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பினோம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். வாங்க மறுத்ததும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வழக்கு உங்கள் இல்லாமையிலேயே முடிந்து, ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். நிலம், வீடு பற்றிய பத்திரத்தில் கையெழுத்திடுமுன்பும் வேண்டும். ஊரில் அண்ணன் தம்பிகள் அனுப்பும் விடுதலைப் பத்திரமும் இதில் அடங்கும். வீட்டில் ஒருவரைக் காவலர் கைதுசெய்தால் அன்றே வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவரை நீதிபதி முன் நிறுத்தவேண்டும், விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. இரண்டும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவில் உள்ளவை.

எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாங்கிய குளிர்பதனப் பெட்டி ஓடாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 இலட்சம் வரையானால் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் செய்யவேண்டும்.

சாலை விபத்தில் ஒருவர் மரித்துப்போனால், மருத்துவமனை வாசலிலேயே ஒருவர் வந்து, “கிளெய்ம் வாங்கித் தருகிறோம், வருவதில் இத்தனை சதவீதம்” என்பார். துக்கத்தில் இருப்பவர்கள் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதையும் ஆள் பிடிப்பதையும் வக்கீல்களுக்கான இந்திய பார் கவுன்சில் விதிகளே தடைசெய்கின்றன. அப்படிப் பேசுகிறவர் வக்கீல் அல்லாதவராக இருக்கலாம், அல்லது விதியை மீறுகிற வக்கீலாக இருக்கலாம்; இருவரும் உங்களுக்கு வேண்டாம். விபத்து மும்பையில் நடந்திருந்தாலும், விதவையும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பிவிட்டால், அவர்கள் குடியிருக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம் என்பதை அந்தச் சதவீதக்காரர் சொல்லமாட்டார்.

“பணத்துக்கு எங்கே போவேன் ஐயா?” என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும், ஊனமுற்றோருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசமாய் வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு; அதற்குச் சான்றாக நீங்கள் எழுதிக்கொடுக்கும் பிரமாண வாக்குமூலத்தையே ஏற்கலாம் என்று சட்டத்தில் இருப்பதால், வெளிமாநிலத்தில் இருக்கிற நீங்கள் ஊர்த் தாசில்தாரைத் தேடி இரயிலேற வேண்டியதில்லை. அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தொலைபேசி எண் 15100. போகும்போது வந்த தபாலை அதன் உறையோடு கொண்டுபோங்கள். அது என்றைக்குக் கையில் கிடைத்தது என்பதை உறையின்மேலேயே எழுதி வையுங்கள்.