மன்னார்புரத்தில் வெயில் சதம், அம்மா மண்டபத்தில் வெள்ளம்... திருச்சியின் மாதக் கணக்கு!

சித்திரை மாதம், பகல் 2 மணி. திருச்சி மன்னார்புரம் சந்திப்பில் பஸ்ஸுக்காக நிற்பவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். வெப்பநிலை 38 டிகிரி என்று காட்டுகிறது. மறுநாள் காலை நாளிதழைப் பிரித்தால், 'திருச்சியில் சதமடித்த வெயில்' என்று செய்தி. எது சரி? 38-ஆ, 100-ஆ?

இரண்டும் சரிதான். செல்போன் சொல்வது செல்சியஸ் கணக்கு. நாளிதழ் சொல்வது ஃபாரன்ஹீட் கணக்கு. 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபாரன்ஹீட்டில் 100 ஆகிவிடும். உலகம் பெரும்பாலும் செல்சியஸுக்கு மாறிவிட்டாலும், வெயிலை கிரிக்கெட் ஸ்கோர் போல 'சதம்' என்று சொல்லும் பழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் போகவில்லை.

ஆனால், மன்னார்புரத்தில் நிற்பவருக்கு இரண்டு எண்ணுமே பொய்யாகத்தான் தோன்றும். தார் ரோட்டிலிருந்து எழும் அனல், பஸ் இன்ஜின் விடும் வெப்பம், எதிரே கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் எல்லாம் சேர்ந்து முகத்தில் அறையும்போது, 38 என்ற எண்ணை யார் நம்புவார்கள்?

வெள்ளைப் பெட்டியின் கணக்கு

திருச்சியின் அதிகாரபூர்வ வெப்பநிலை, மன்னார்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, புதுக்கோட்டை ரோட்டில் உள்ள விமான நிலையத்தில் எடுக்கப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'திருச்சி' என்பது அந்த இடம்தான்.

வெப்பமானியை வெயிலில் வைத்து அளப்பதில்லை. நான்கு பக்கமும் ஜன்னல் சட்டம் போல பலகைகள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வைக்கிறார்கள். காற்று உள்ளே போய்வர வேண்டும், வெயில் நேரடியாகப் படக் கூடாது. அதனால் நம் நாட்டில் பெட்டியின் கதவு வடக்குப் பக்கம் பார்த்திருக்கும். இதற்கு 'ஸ்டீவன்சன் பெட்டி' என்று பெயர். வடிவமைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' நாவல் எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா இவர்.

ஆக, செய்தியில் வரும் 38 என்பது காற்றின் வெப்பம், அதுவும் நிழலில் அளந்தது. ரோட்டில் நிற்கும் மனிதரின் உடல் தாங்குவது அதைவிட அதிகம். இப்படி ஏன் அளக்க வேண்டும்? ஒரே முறையில், ஒரே மாதிரி இடத்தில் அளந்தால்தான் இன்றைய திருச்சியை நேற்றைய திருச்சியோடும், திருச்சியை மதுரையோடும், தமிழ்நாட்டை ராஜஸ்தானோடும் ஒப்பிட முடியும்.

பட்டியலில் இல்லாத மன்னார்புரம்

மழைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் தினமும் காலையில் ஒரு பட்டியல் வெளியிடும். லால்குடி, சமயபுரம், மணப்பாறை, முசிறி, துறையூர் என்று ஓடும் அந்தப் பட்டியலில் பொன்மலை, திருச்சி ஜங்ஷன், திருச்சி டவுன், திருச்சி விமான நிலையம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி உண்டு. ஜங்ஷனுக்கும் பொன்மலைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் மன்னார்புரத்துக்குத் தனி வரி கிடையாது. ஜங்ஷனில் கொட்டிய மழை விமான நிலையத்தில் தூறலோடு நின்றுபோன நாள்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் மன்னார்புரத்தில் எவ்வளவு பெய்தது என்பது அங்கே நனைந்தவர்களுக்கே தெரியும்.

மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 மணிக்கு முடிகிறது. திங்கட்கிழமை இரவு கொட்டும் மழை, செவ்வாய்க்கிழமை தேதியில்தான் ஏறும். 'நேற்றுதானே மழை, இன்று பெய்ததாகப் போட்டிருக்கிறார்களே' என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது 'மழை நாள்'. 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் 'கனமழை'. 204.4-ஐத் தாண்டினால் 'அதி கனமழை'.

மலைக்கோட்டை மேலிருந்து பார்த்தால்...

417 படி ஏறி உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்குப் போனால் ஊரின் வானிலை கண்ணுக்கு முன்னால் விரியும். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் 236 அடி ராஜகோபுரத்தோடு ஸ்ரீரங்கம், அதையும் தாண்டிக் கொள்ளிடம். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் பச்சை. தெற்கே திரும்பினால் ஜங்ஷன், மன்னார்புரம், காஜாமலை, பொன்மலை என்று கட்டடங்களும் பாறைகளும் காய்ந்த நிலமும். ஒரே ஊர்தான், ஆனால் மாதக் கணக்கு இரண்டு.

தையும் மாசியும் திருச்சியின் நல்ல மாதங்கள். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ், 1884 பிப்ரவரி 6 அன்று. அதாவது தை மாதக் கடைசி. மாசி முடியும்போதே வெயில் ஏறத் தொடங்கும். சமயபுரத்தில் மாரியம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் 28 நாள் அப்போதுதான் தொடங்குகிறது. இளநீர், நீர்மோர், பானகம் என்று குளிர்ச்சியானவற்றையே அம்மனுக்குப் படைக்கும் வழக்கம், வரப்போகும் கோடையை ஊர் எப்போதிலிருந்தோ அறிந்திருப்பதைக் காட்டுகிறது.

சித்திரை, வைகாசியில் வெயில் உச்சம். மே 28 வாக்கில் கத்திரி முடிந்தாலும் திருச்சிக்கு விடிவு கிடைப்பதில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனிலும் இங்கே அனல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கிவரும் காற்று, காய்ந்த காற்றாக வந்து சேர்கிறது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்று இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடல் தூரத்தில் இருப்பதால், சென்னைக்கு மதியமே வரும் கடல் காற்று இங்கே உதவுவதில்லை.

திருச்சியின் ஆண்டு மழை சராசரியாக 840 மில்லிமீட்டர். மாநில சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் ஐப்பசி மாதம் முழுவதும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் நீர் எடுத்து யானை மேல் வைத்துக் கொண்டுவருவார்கள். ஊரின் சொந்த மழை வரும் மாதமும் அதுதான்.

பெய்யாத மழையில் வந்த வெள்ளம்

ஆனால், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் தாலிச் சரடு மாற்றி வணங்கும் புதுப்புனலில் திருச்சி மழை கிடையாது. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கர்நாடக அணைகளைத் தாண்டி, மேட்டூரைத் தாண்டி, முக்கொம்புக்கு வந்து இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொள்கிறது.

2018 ஆகஸ்ட்டில் இது அச்சமாகவே மாறியது. கேரளம் வெள்ளத்தில் தத்தளித்த அதே மாதம். திருச்சியின் வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கொள்ளிடத்திலோ வெள்ளம் கரைபுரண்டது. 1928-ல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு, 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

ஊரின் தெற்குப் பக்கம் பயப்பட வேண்டியது வேறு வெள்ளத்துக்கு. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. உள் மாவட்டங்களில் கொட்டிய மழையால் கோரையாறும் அரியாறும் குடமுருட்டியும் பொங்கி, திருச்சி நகரத்துக்குள் புகுந்தன. மூத்தவர்கள் இன்னும் அந்த வெள்ளத்தைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுவார்கள். 2005 நவம்பரிலும் இந்தக் காட்டாறுகள் நகரின் குடியிருப்புகளைச் சூழ்ந்தன.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் ஆடியில் பார்க்க வேண்டியது மேட்டூர் நீர்மட்டத்தை. மன்னார்புரம் பக்கம் இருப்பவர் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டியது மணப்பாறைப் பக்கத்து மழை அளவை. ஒரே மாவட்டம்தான், ஆபத்து வரும் மாதமும் திசையும் வேறு வேறு.

1896-லேயே 43.9 டிகிரி... அப்படியென்றால்?

திருச்சியின் வெயில் சாதனை பழையது. 1896 மே 2 அன்று பதிவான 43.9 டிகிரி செல்சியஸ். அன்றைய ஃபாரன்ஹீட் கணக்கில் 111. வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி தகவல் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வரும். 'தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே இவ்வளவு வெயில் அடித்திருக்கிறதே, பூமி சூடாகிறது என்பதெல்லாம் சும்மாவா?'

ஒரு நாள் என்பது வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி மாதிரி. குடும்பம் எப்படி நடக்கிறது என்று விருந்து நாளை வைத்துச் சொல்ல முடியாது, மாதச் செலவு நோட்டைத்தான் பார்க்க வேண்டும். காலநிலையும் அப்படித்தான். அதனால்தான் வானிலை மையங்கள் தினசரிக் கணக்கை மாதமாக்கி, 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுகின்றன. இப்போது நம் நாட்டில் வெப்பநிலையை ஒப்பிடும் சராசரி, 1991 முதல் 2020 வரையிலானது.

இந்திய வானிலை ஆய்வு மையம் தொடங்கியது 1875-ல். நாடு முழுமைக்குமான மாதக் கணக்கை 1901-லிருந்து ஒப்பிடுகிறார்கள். அந்த நோட்டில் அண்மைப் பக்கங்கள் இப்படி இருக்கின்றன. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாட்டில் மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட். 2024 அக்டோபர், மிக வெப்பமான அக்டோபர், சராசரியைவிட 1.23 டிகிரி அதிகம். 2025 பிப்ரவரி, மிக வெப்பமான பிப்ரவரி. அதே ஆண்டு மே, அதிக மழை பெய்த மே. 2024-ஐ முழு ஆண்டாகப் பார்த்தால், சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல். 1901 முதலான கணக்கில் மிக வெப்பமான ஆண்டு அதுதான்.

2023 ஆகஸ்ட்டின் அந்த வரி வெறும் எண் இல்லை. அந்த ஆண்டு ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணை, நீர் இல்லாமல் அக்டோபரிலேயே மூடப்பட்டது. டெல்டா விவசாயிகள் அந்த எண்ணைத் தங்கள் வயலில் பார்த்தார்கள்.

சராசரியையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். 2015-ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 53 சதவிகிதம் அதிகம், சென்னை மூழ்கியது. அடுத்த 2016-ல் 62 சதவிகிதம் குறைவு, கடும் வறட்சி. இரண்டையும் கூட்டி வகுத்தால் 'கொஞ்சம் குறைவு' என்று வரும். அப்படி ஓர் ஆண்டை யாரும் வாழவில்லை!

வீட்டில் ஒரு மழை நோட்டு

செல்போனில் அதிகபட்ச வெப்பநிலையைப் பார்க்கிறவர்கள், அதன் பக்கத்தில் சின்னதாக இருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பார்ப்பது நல்லது. பகலில் வெயிலில் வாடிய உடம்பு இரவில்தான் ஆறுகிறது. பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் சுவர், இரவில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடுகிறது. இரவும் குளிராவிட்டால் வயதானவர்களும், குழந்தைகளும், வெயிலில் வேலை பார்ப்பவர்களும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். 'இன்று வெயில் சதம்' என்பதைவிட, 'ஒரு வாரமாக இரவு குளிரவே இல்லை' என்பது பெரிய எச்சரிக்கை.

பட்டியலில் இடம்பெறாத மன்னார்புரங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அங்கெல்லாம் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றும், ஸ்கேல் ஒன்றும் போதும். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

அந்த எண்ணுக்கு வீட்டிலேயே பயன் உண்டு. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 930 லிட்டர். திருச்சியின் ஆண்டுச் சராசரியைப் போட்டால், அதே மாடியில் ஓர் ஆண்டில் விழுவது சுமார் 78,000 லிட்டர். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் இன்னும் வேலை செய்கிறதா, குப்பை அடைத்துக்கிடக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்காவது வைகாசியில் போர்வெல்லுக்குத் திரும்பி வரும்.