எலிகா நீட்டிய கை

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடியவர்களிடம் எது பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலானோர் 2003-இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்பார்கள். இருட்டும் ரத்தமும் வேண்டியவர்கள் 2004-இல் வந்த ‘வாரியர் விதின்’ பக்கம் நிற்பார்கள். 2008 டிசம்பரில் வந்த ஆட்டத்தின் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். அதற்குத் துணைத்தலைப்புகூடக் கிடையாது, வெறும் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’தான். “அதுல சாகவே மாட்டானே, அதெல்லாம் ஒரு கேமா?” என்ற ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்போடு நான் பல வருடமாக மல்லுக்கு நிற்கிறேன். அந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆட்டம் என்பதைத் தாண்டி, பின்னால் நான் செய்த வேலைக்கும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மணற்புயலில் கழுதையைத் தொலைத்துவிட்டுத் தேடி வரும் ஊர்சுற்றி ஒருவன், எலிகா என்ற இளவரசியைச் சந்திக்கிறான். சிறைப்பட்டிருந்த இருள் தெய்வமான அஹ்ரிமனை அவளுடைய அப்பாவே அவிழ்த்துவிடுகிறார். கறை படிந்து செத்துக் கிடக்கும் நிலத்தை இடம் இடமாக மீட்க வேண்டும். இளவரசனாகிய அந்த ஊர்சுற்றி சுவரில் ஓடுவான், தூணைத் தாவிப் பிடிப்பான், எலிகா கூடவே வருவாள். தாவல் தப்பிப் பள்ளத்தில் விழும்போது அவள் கை வந்து அவனைப் பிடிக்கும். கடைசியாகக் கால் ஊன்றி நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். சண்டையில் எதிரியின் கடைசி வீச்சு இறங்கும்போதும் அவள்தான் தடுப்பாள். ‘கேம் ஓவர்’ என்ற திரையே அந்த ஆட்டத்தில் கிடையாது. பிராது இதுதான்.

பிராது கொடுப்பவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். முதல் பிரின்ஸ் எங்கள் பள்ளிக்கூட லேபில் இருந்தது. ஜோர்டான் மெக்னர் என்பவர், தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் வரைந்து உண்டாக்கிய, 1989-இல் வெளிவந்த ஆட்டம் அது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை, ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். 60 நிமிடத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். தரையிலிருந்து ஈட்டிமுனைகள் எழும்பும், வாசலில் கத்திகள் மேலும் கீழும் வந்து மூடும். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும், ஓடிப்போன நிமிடம் திரும்பி வராது. யார் விரல் கீபோர்டில் இருந்ததோ அவளை மற்ற இருவரும் வைவார்கள். அடுத்த தடவை அவள் கை தானாகப் பின்வாங்கும். நான் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாவத் தெரியாமல் அல்ல, தாவித் தவறுவதற்குப் பயந்து.

2008 ஆட்டம் என்னிடம் வந்து சேர்ந்தது அடுத்த வருடம், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தபோது. ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் வைஸ் சிட்டியும் கவுண்டர் ஸ்டிரைக்கும் ஆடிக்கொண்டிருந்த காலம். பெண்பிள்ளைகள் அங்கே போவதென்றால் பிரிண்ட் எடுக்கத்தான். எனக்கு வாய்த்தது வண்ணார்பேட்டை அத்தை வீடு. அத்தான் சென்னைக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் அங்கே இருந்தது, ஆட்டத்தின் டிவிடியையும் அவர்தான் லீவில் வரும்போது கொண்டுவந்து தந்தார். மின்வெட்டு நேரம் வந்தால் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். அது ஓயும்முன் பாதுகாப்பாக ஒரு மேடையில் போய் நின்றுகொள்வேன். அத்தை முற்றத்தில் முறுக்குச் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள்.

“ஏளா, யாரு அந்தப் புள்ள? அவன் வுழ வுழத் தூக்கி விடுதா?”

“எலிகா, அத்தை.”

“நல்ல புள்ள.”

அத்தைக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. எனக்கு நீச்சல் பழக்கியது அத்தைதான். குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும், அதற்குமுன் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த ஆற்றை எங்கள் ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பாறையை ஒட்டிக் கசம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. அத்தை ஒரு பழைய வேட்டியை முறுக்கி என் இடுப்பில் முடிச்சுப் போடுவாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பாள். நான் படியிலிருந்து குதிக்க வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறி, கை கால் எல்லாம் தப்புத் தப்பாக அடித்து, உள்ளே போகிறேன் என்கிற நேரம் இடுப்பில் முடிச்சு இறுகும். மறுபடி அதே படியில் நிற்பேன். அத்தை ஏசவும் மாட்டாள், சமாதானமும் சொல்ல மாட்டாள். நான் இருமி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “ம், குதி” என்பாள். பக்கத்துத் துறையில் மாமன்மார் பையன்களைத் தூக்கி ஆழத்தில் எறிந்து பழக்கினார்கள். அப்படியும் எத்தனையோ பேர் நீச்சல் படித்திருக்கிறார்கள். என்னால் முடிந்திருக்காது.

வேட்டி கட்டியதால் ஆற்றின் ஆழம் குறையவில்லை. எனக்காக அத்தை நீந்தவும் இல்லை. 2008 ஆட்டத்தைப் பழிப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எலிகா உங்களுக்காகத் தாவ மாட்டாள். சுவரில் ஓடி, வளையத்தைப் பிடித்து, கூரையில் தொற்றி, தூணுக்குத் தாவுகிற நீண்ட வரிசையில் கடைசித் தாவலைக் கோட்டைவிட்டால் முழு வரிசையையும் திரும்பச் செய்தாக வேண்டும். சண்டையில் அவள் காப்பாற்றினால் எதிரிக்கு இழந்த பலத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடும். தவறுக்கு விலை இருக்கிறது. அவமானம் மட்டும்தான் இல்லை.

மற்ற ஆட்டங்களில் சாவுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். திரை இருட்டாகும், லோடிங் ஓடும், கொஞ்சம் முன்னால் விட்ட இடத்தில் நிற்பீர்கள். இந்த ஆட்டம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு அதற்கு ஒரு முகமும் பெயரும் கொடுத்தது, அவ்வளவுதான். எல்லாரும் கொண்டாடுகிற ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்தில் கத்தியை அழுத்திக் காலத்தையே பின்னால் ஓட்டினோமே, அதை யாரும் குறை சொல்லவில்லை. 1989-இன் கறாரான ஆட்டத்திலேயே இளவரசன் அடைபட்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. இளவரசி அனுப்பிய ஒரு வெள்ளெலி ஓடிவந்து பொறியை மிதித்துக் கதவைத் திறந்துவிடும். இன்னோர் இடத்தில் தன் நிழலோடு வாள்சண்டை போட்டால் சாவான், வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால்தான் வழி. இந்த வரிசைக்குத் துணை என்பது புதிதாக வந்த நோய் இல்லை. எலிகாவின் ஆட்டத்துக்குப் பத்து ஆண்டு கழித்து, 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ என்ற ஆட்டம் விழுந்த மறுநொடியே அதே திரையில் எழுப்பிவிட்டது. எத்தனை முறை செத்தாய் என்ற கணக்கைப் பெருமையாக நினைத்துக்கொள் என்றும் சொன்னது. உலகமே பாராட்டியது. ஒன்றுக்குப் பாராட்டு, மற்றதற்குக் கேலி என்றால் அதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

குறைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒளிவிதைகள் 1001 சிதறிக் கிடக்கின்றன. புதிய சக்திகளைத் திறக்க 540 சேர்க்க வேண்டும், நடுவில் அலுக்கும். சண்டைகளின் தினுசு குறைவு. இளவரசனின் வாய்த்துடுக்கு சில இடங்களில் எரிச்சல் தரும். முந்தைய கதையில் இந்திய மகாராஜாவின் மகளாக வந்தவள் ஃபாரா. அந்தப் பெயரை இதில் கழுதைக்கு வைத்தது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

படிப்பு முடித்து நான் கணக்கு டீச்சரானேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளி, கொஞ்ச தூரத்தில் கன்னடியன் கால்வாய் ஓடும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை தேர்வுக்குத் தேர்வு வெற்றுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் வெற்றுத்தாள் இல்லை. எழுதி எழுதி ரப்பரால் அழித்து, ஓரிடத்தில் தாளே கிழிந்திருந்தது. லேபில் பின்வாங்கிய விரல் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வகுப்புத் தேர்வில் தப்பான கணக்குக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போடுவதை நான் வைத்துக்கொள்ளவில்லை. சரியாக வந்த கடைசி வரிக்கு அடியில் பச்சை மையில் சின்னதாக ஒரு கோடு. அதுவரை சரி, அங்கிருந்து திரும்ப எழுது, முடித்துக்கொண்டு வந்தால் மதிப்பெண் உண்டு.

“பப்ளிக் பரீட்சைல யார் டீச்சர் இப்படிக் கோடு போட்டுத் தருவா?” என்று உடன் வேலை பார்த்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுத்தேர்விலேயே கணக்குக்குப் படிக்குப் படி மதிப்பெண் இருக்கிறது. எழுதினால்தானே அது கிடைக்கும்? அந்தப் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடவில்லை. தாளில் எழுதியதை அழிக்காமல் விட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி இன்னொரு சண்டையும் உண்டு, அது முடிவைப் பற்றியது. எனக்கு அதுதான் முக்கியம். அஹ்ரிமனைத் திரும்பச் சிறைவைக்க எலிகா தன் உயிரையே கொடுக்கிறாள். அவள் உடலைத் தூக்கிக்கொண்டு இளவரசன் வெளியே வருகிறான், தயாரித்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. ஆட்டம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உயிர்மரங்களை வெட்டினால் எலிகா எழுந்துவிடுவாள், அஹ்ரிமனும் வெளியே வருவான், மீட்ட நிலம் அத்தனையும் பாழ். வெட்டாமல் ஆட்டம் நகராது. முன்பு செத்துப்போன அவளை உயிர்ப்பிக்க அப்பா அஹ்ரிமனோடு செய்துகொண்ட ஒப்பந்தம்தான் இத்தனைக்கும் காரணம். அவர் செய்ததையே இவனும் செய்கிறான்.

அன்று ராத்திரி நான் வெட்டவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பிறகு ஒருநாள்தான் வெட்டினேன், எலிகாவின் முகத்தில் நன்றி இல்லை. பலர் இதை ஏமாற்று என்றார்கள். ஆட்டம் முழுவதும் விழுந்தவனைத் தூக்கிவிட்டவளை, அவள் தானாகத் தேர்ந்தெடுத்து இறங்கியதிலிருந்து, கேட்காமலே இழுத்துப் போட்டான் இவன். அதை என் விரலால்தான் செய்யவைத்தார்கள். வேறெந்த ஆட்டமும் அன்றுவரை என்னை அப்படி உலுக்கியதில்லை.

அந்தப் பச்சைக்கோட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து வந்து, “மிஸ், நான் கணக்கு எடுக்கல, காமர்ஸ் போறேன்” என்றாள். வேண்டாம் என்பதற்கு எனக்கு ஆயிரம் காரணம் வாயில் இருந்தது. மதிப்பெண்ணும் ஓரளவு வந்திருந்தது, இன்னும் பழக்கினால் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையும் இருந்தது. உயிர்பெற்று எழுந்த எலிகாவின் முகம் மனதில் வந்தது. யோசித்துத்தான் முடிவெடுத்தாயா என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றாள். நல்லா படி என்று அனுப்பிவைத்தேன்.

இந்த ஆட்டத்தின் கதையை, அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் அந்தரத்தில் விட்டுவிட்டது. 2009 மார்ச்சில் ‘எபிலாக்’ என்று ஒரு துணைப்பகுதி பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. அதில் எலிகா இளவரசனை விட்டுப் பிரிந்து போகிறாள். 2010-இல் ‘ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ மூலம் பழைய இளவரசனிடமே திரும்பினார்கள். 2020-இல் புதுப்பிக்கப்போவதாக அறிவித்ததும் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்தைத்தான். அந்த வேலை முதலில் நம் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் இருந்து 2022-இல் மான்ட்ரியலுக்குப் போனது. 2024-இல் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ முற்றிலும் வேறு கதை. அதில் கடினமான தாவல்களைத் தாண்டிப்போக ஓர் உதவி வசதியை அவர்களே வைத்தார்கள், பாராட்டும் பெற்றார்கள்.

பிரின்ஸ் ஆடியவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். 2008 ஆட்டம் கணினிக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. சாகாத ஆட்டம் என்று கேள்விப்பட்டதை வைத்து ஒதுக்காமல் ஒருமுறை கடைசிவரை ஆடிப்பாருங்கள், மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கீபோர்டை அதன் பக்கம் நகர்த்தி, இந்த ஆட்டத்தை முதலில் கொடுங்கள்.