மணியை எங்கே புதைப்பது?

பெரியவரின் களத்தை எட்டு வருஷம் காத்த மணி, காலையில் வைக்கோல் போர் ஓரம் செத்துக் கிடந்தது. "ஏரிக்கரையில போட்டுடலாம்" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடுகள் குடிக்கின்றன. பெரியவரின் மனைவிக்கு மனசு வரவில்லை. "தென்னை அடியில புதைங்க, மரமாவது காய்க்கட்டும்" என்றார். தென்னையோ கிணற்றை ஒட்டி நிற்கிறது.

கடைசியில் மேட்டு வேலியோரம் என்று முடிவானது. குழி எத்தனை அடி வேண்டும் என்று கேட்கத்தான் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

"எப்படிச் செத்தது?" என்றார் மருத்துவர்.

மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகியது என்று சொல்லும்போதே பெரியவருக்குக் குரல் தடுமாறியது. நான்கு நாளைக்கு முன் பேரன் கையில் மணியின் பல் பட்டு ரத்தம் கசிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியதோடு சரி. மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

மண்வெட்டி அப்படியே கிடந்தது. மருத்துவர் சொன்னபடி பையனின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றே முதல் தடுப்பூசி. காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து. அரிவாள் கீறிய கையால் மணியின் எச்சிலைத் துடைத்துவிட்ட பாட்டிக்கும் ஊசி. மிச்ச ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கையுறை போட்டு, மணியைச் சாக்கில் கட்டி, நாலடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். முகத்தை ஒருதரம் பார்க்கிறேன் என்றார் பாட்டி. சாக்கைப் பிரிக்கப் பெரியவர் விடவில்லை. நரி தோண்டாதிருக்க மேலே கல் அடுக்கியபோது, முதல் கல்லைப் பாட்டிதான் வைத்தார்.