ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடே கொட்டகை!

"பழைய படமா? போர்!" என்று முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள் எந்த வீட்டில்தான் இல்லை? பெரியவர்களோ, "இந்தக் காலத்துப் படத்திலே என்ன இருக்கு, ஒரே இரைச்சல்" என்பார்கள். நடுவில் நாம். போதாக்குறைக்கு இப்போது ஆளுக்கொரு செல்போன் வேறு. ஒரே கூரையின் கீழ் நாலு பேர் உட்கார்ந்து நாலு படம் பார்க்கிறோம். ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் இல்லை.

எங்கள் வீடு பெரம்பலூரில். கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. இரண்டு வருடங்களுக்கு முன் மாமனார் காலமானதும், அரியலூரில் தனியாக இருந்த அத்தையை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். எழுபத்திரண்டு வயது. கொஞ்சம் பிரஷர் உண்டு, மற்றபடி குறையில்லை. ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. "சாப்பிடறீங்களா அத்தை?" என்றால் "ம்." "வேண்டாமா?" என்றாலும் "ம்." அவ்வளவுதான்.

வயசானால் அப்படித்தான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே. நாங்கள் டாக்டரிடம் காட்டினோம். காதைப் பரிசோதித்தார், தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். துணையை இழந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது உண்டு, அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று விளக்கினார். கூடவே, "அவங்களோட உட்கார்ந்து பேசுங்க" என்றார். பேசுங்கள் என்றால் என்னத்தைப் பேசுவது? வெங்காய விலையையும் வெயிலையும் எத்தனை நாள் பேச முடியும்?

அப்போது ஆரம்பித்ததுதான் இந்த ஞாயிறு மாலைப் படம். யூடியூபில் எத்தனையோ பழைய படங்கள் முழுசாகவே கிடைக்கின்றன. டி.வி.யில் போட்டுவிட்டு, எல்லாருடைய செல்போனையும் வாங்கி அரிசி டப்பா மேல் வைத்துவிடுவேன். முதல் வாரம் பிள்ளைகள் போட்ட சண்டையைக் கேட்பானேன்!

பழைய படம் என்றாலே அழுகை என்று நினைப்பது தப்பு. பிள்ளைகளை இழுக்க முதலில் சிரிப்புப் படம் போடுங்கள். நான் போட்டது ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் இருக்கிறதே, அதில் நாகேஷைப் பார்க்காதீர்கள். பாலையாவின் முகத்தைப் பாருங்கள். "போர்" என்ற என் பையன் அந்த ஒரு காட்சியை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னான்.

துப்பறியும் கதை பிடித்தவர்களுக்கு 'அந்த நாள்' (1954). எஸ்.பாலசந்தர் இயக்கிய ஏவிஎம் படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல், பாருங்கள்! படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு இறந்துவிடுவார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் சொல்லும் கதையில்தான் அவர் திரும்பத் திரும்ப வருவார். சுட்டது யார் என்று நான் சொல்ல மாட்டேன். இடைவேளையில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். சரியாகச் சொன்னது யார் தெரியுமா? ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தை! முன்பே பார்த்திருக்கிறாரோ என்னவோ, கேட்டதற்குச் சிரித்துக்கொண்டார்.

ஆட்டம் பாட்டுக்கு 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். சிவாஜி வாசிப்பதுபோல் தெரியும் நாதஸ்வரம், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. இதை மகளிடம் சொன்னபோது நம்பவே இல்லை. கன்னம் உப்புவதும் விரல் நகர்வதும் அவ்வளவு பொருத்தம். மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி வந்ததும் அத்தைக்கு வாய் திறந்தது. பதினைந்து வயதில் ஊர்ப் பெண்களோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு டூரிங் டாக்கீசுக்குப் போன கதை! தரை டிக்கெட், முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்காருவது, ரீல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் முறுக்கு விற்பவன் வருவது... இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. என் மகள் டி.வி.யை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

உருக்கமான படம் வேண்டுமென்றால் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இருக்கிறது, கதை முழுக்க ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்று வைத்தியம் நடக்கும் சமயத்தில் மட்டும் வேண்டாம். நல்ல படம்தான், ஆனாலும் வேண்டாம்.

எல்லாப் பழைய படமும் தங்கம் என்றும் நான் சொல்ல வரவில்லை. பெண்டாட்டியை அடிப்பதை வீரம்போலக் காட்டிய படங்கள் அப்போது ஏராளம். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) ஓடும்போது, "ஏம்மா, அவர் அடிக்கிறார், எல்லாரும் ஏன் கை தட்டறாங்க?" என்று மகள் கேட்டாள். நான் சேனலை மாற்றவில்லை. "அப்ப தட்டினாங்க, இப்ப நீ தட்டாதே" என்றேன். பையனும் கேட்டுக்கொண்டிருந்தான், அவனும் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்ப்பதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டி.வி. முன் உட்காருவதில்லை, எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாது. சோளக்கதிர் சீசனில் அவித்த கதிர், மற்ற நாளில் வேர்க்கடலை, அதுவும் பிரஷர்காரருக்கு உப்பில்லாமல் தனியாக. பழைய படங்களில் 'இடைவேளை' என்று எழுத்து வருகிறதல்லவா? அங்கே நிறுத்திவிட வேண்டும். எல்லாரும் எழுந்து நடக்க வேண்டும். வயதானவர்கள் காலைத் தொங்கப் போட்டே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும்.

இனி நான் சொல்லப்போகும் படம் 1988-ல் வந்தது. மற்றவற்றோடு பார்த்தால் வயதில் சின்னது. பாலுமகேந்திராவின் 'வீடு'. இதிலும் பாட்டு கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, ஆபீசில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் புறப்படுகிறாள். கடன், லஞ்சம், காண்டிராக்டர்! சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிமெண்ட் மூட்டைகள் திருட்டுத்தனமாக விலை போவதைச் சித்தாள் மங்கம்மா அம்பலப்படுத்தும் இடத்தில், பாதித் தூக்கத்தில் இருந்த என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிமெண்ட் என்றால் அவருக்குச் சும்மாவா!

பிறகு தாத்தா பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருவார். சொக்கலிங்க பாகவதர் நடித்தது. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பேச்சே இல்லை. அதன்பின் அந்தத் தாத்தா வீடு திரும்புவதில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மகளை நர்சிங் படிக்க வைக்கப் பணம் வேண்டும். அரியலூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று கணவர் ஒரு தரகரிடம் சொல்லியிருந்தார். அத்தையைக் கேட்டதற்கு, "உன் இஷ்டம்டா" என்று முடித்துவிட்டார். சம்மதம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

படம் முடிந்ததும் அத்தை கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு வீடு கிடைச்சுதாம்மா?"

"சொல்லலை அத்தை. கோர்ட்டுல கேஸ் நடக்குதுன்னு முடிச்சிட்டாங்க."

கொஞ்ச நேரம் முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டார், மகனைப் பார்த்து அல்ல. "உங்க மாமா வேலை விட்டு வந்து ராத்திரியிலே அந்தச் சுவத்துக்குத் தண்ணி ஊத்துவாரு. நான் இருக்கற வரைக்கும் அது இருக்கட்டும்னு சொன்னா, இவன் கோவிச்சுக்குவானா?"

என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெகு நேரம் உள்ளே வரவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது தரகருக்குப் போன் செய்து, "இப்போதைக்கு இல்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பணத்துக்கு வழி? முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் ஓர் அறையை அத்தைக்கென்று வைத்துக்கொண்டோம். மீதிக்குக் கல்விக் கடன் கேட்க வேண்டும். "நான் சம்பாதிச்சு அடைக்கிறேன் ஆயா" என்று மகள் பாட்டியிடம் வீரமாகச் சொல்லிவிட்டாள். வட்டியெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்! கணவர் சில ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். இன்னும் சரிக்கட்டி வரவில்லை.

மாதம் ஒருமுறை அத்தையை பஸ்ஸில் அரியலூருக்கு அழைத்துப் போகிறேன். கதவைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு, பக்கத்து வீட்டு ஜனங்களிடம் அந்த வாரம் பார்த்த படத்தின் கதையைச் சொல்கிறார். கதை சொல்ல ஆரம்பித்தால் கடைசி பஸ்தான் எங்களுக்கு!

"அடுத்த ஞாயிறு என்ன படம்?" என்று இப்போதே கேட்டாகிவிட்டது. 'சர்வர் சுந்தரம்' (1964) என்றிருக்கிறேன். நாகேஷ் என்றால் பையனும் தகராறு பண்ணாமல் வந்து உட்காருவான்.