மட்டம் பார்க்கும் வீடு

பினாங்குத் தீவில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பங்கு மூடா ஆற்றுத் தண்ணீர். கெடா எல்லையில் ஓடும் அந்த ஆற்றில் எடுத்து, பெருநிலத்தில் சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கு அடியில் பதித்த குழாய்களின் வழியே தீவுக்குக் கொண்டுவருகிறார்கள். தீவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அடுக்குமாடி வீட்டில் இருந்தவரை இதை நினைத்துப் பார்க்கும் தேவை வந்ததில்லை. இப்போது நானும் மனைவியும் அதே நீரிணையின் மேல், ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக் கரைக்கும் நடுவே, 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றில் குடியிருக்கிறோம். எங்கள் தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர் பிடிக்கும். பினாங்கில் ஒருவர் வீட்டுத் தேவைக்காக ஒரு நாளில் செலவழிப்பதே சராசரியாக 250 லிட்டருக்கு மேல். அந்த ஒற்றைத் தொட்டி எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் தாண்டி வருகிறது.

படகில் வசிக்கிறோம் என்று சொன்னதும் ஊரில் எல்லாரும் புயலைப் பற்றியும் பாயைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். பாய் விரிப்பது மாதத்தில் சில நாள். அன்றாடம் கைவர வேண்டிய தொழில் வேறு. அது மட்டம் பார்க்கிற தொழில். தொட்டியில் குடிதண்ணீர் எவ்வளவு, பேட்டரியில் மின்சாரம் எவ்வளவு, படகின் அடியில் கசிந்த நீர் எவ்வளவு, வெளியே கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் இந்த நான்கையும் பார்த்த பிறகே தேநீருக்கு அடுப்பு மூட்டுகிறோம். புதிதாக வந்தவனாக நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த நான்கைச் சுற்றித்தான்.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மனிதனை மாற்றுவது அதுதான். எங்கள் சமையல் மேடையில் திறந்துவிடும் குழாய் இல்லை. காலால் மிதிக்கும் பம்ப் இருக்கிறது. ஒரு மிதிக்கு ஒரு சிறு கை அளவு நீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். மின்சாரப் பம்ப் வைத்துக்கொள்ள முடியாமல் இல்லை. வேண்டாம் என்றுதான் வைக்கவில்லை. மிதிக்கிற கால் செலவைத் தானாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. குளியலுக்குச் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம். காற்றை அழுத்தி ஏற்றினால் நான்கு லிட்டரில் ஓர் ஆள் சோப்புப் போட்டு நன்றாகவே குளிக்கலாம். பாத்திரத்தை முதலில் பழைய தாளால் துடைத்துவிட்டு, பிறகே நீரைத் தொடுவோம். அரிசி களைந்த நீர் காய்கறி கழுவப் போகிறது. குக்கர் இல்லாமல் படகுக் குடித்தனம் நடக்காது என்பது என் மனைவியின் உறுதியான தீர்ப்பு: பருப்பு அரை மணி கொதித்தால் ஆவியாகப் போகும் நீரும் எரியும் வாயுவும் இரண்டுமே கரையிலிருந்து சுமந்து வந்தவை.

செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்போது மேல்கூடாரத் துணியின் நடுவில் பள்ளம் விட்டுக் கட்டி, குழாய் பொருத்தித் தொட்டிக்கு விடுவோம். முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும். துணியில் படிந்த உப்பும் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் போகும். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு. அப்போது சின்னப் படகில் கரைக்குப் போய் 20 லிட்டர் டப்பாக்களில் நிரப்பி வர வேண்டும். 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பெரிய வால்வு ஒன்றை மாற்றுவதற்காக மாநிலத்தின் பெரும்பகுதி நான்கு நாள் வரை தண்ணீரில்லாமல் தவித்தபோது, தங்கைக்கு எங்கள் வழக்கங்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் கைப்பம்ப் குளியல் இன்றும் நீடிக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கூரையில் இரண்டு சூரியத் தகடுகள் உண்டு. மின்சாரத்தை அதிகம் விழுங்குவது குளிர்ப்பெட்டி என்பதால் அதை விட்டுவிட்டோம். மீன் அன்றன்றைக்குப் பக்கத்துப் படகுக்காரர்களிடம் கிடைக்கிறது, பெரும்பாலும் கெம்போங். மீதிச் சோறு பழையதாகிறது. இந்த வெக்கையில் இட்லி மாவு சில மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. வேகப்படகு ஒன்று கடந்தால் எழும் அலைக்கு மீதிப் பாதி தேவைப்படும்.

மூன்றாவது மட்டத்தை யாரும் அழகாகப் படம் எடுப்பதில்லை. தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் தெரியும் பள்ளத்தைப் பில்ஜ் என்பார்கள். படகில் எங்கே கசிந்தாலும் நீர் கடைசியில் அங்கேதான் சேரும். அதில் நீர் கண்டால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக் கரிக்காவிட்டால் தொட்டியோ குழாயோ மேல்தட்டில் விழுந்த மழையோ, பதறத் தேவையில்லை. உப்பு என்றால் கடல் உள்ளே வருகிறது, வழியைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது இயந்திரத் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடம். இயந்திரம் ஓடும்போது அங்கே நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது இயல்பு. அந்தச் சொட்டுதான் தண்டைச் சூடேறாமல் காக்கிறது. நின்றபிறகும் சொட்டினால் மரையை இறுக்க வேண்டும்.

புதிதாகப் படகேறுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் துளைகளைத்தான். கழிவறைக்கு ஒன்று, இயந்திரத்தைக் குளிர்விக்க ஒன்று, அடுக்களைத் தொட்டிக்கு ஒன்று என்று ஒவ்வொரு படகிலும் சில துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். ஒன்றரை அங்குலத் துளை, நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே. அதன் குழாய் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். சாதாரண மின்பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், துளையில் அடித்து அடைக்க. இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, இருவருமே எல்லா வால்வையும் தொட்டு மூடிப் பழகியிருக்கிறோம். சமையல் வாயுவுக்கும் இதே கவனம். அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல் வழியே வெளியேறக்கூடும். படகில் கசிந்தால் இறங்கிப் பில்ஜில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் உருளையிலேயே மூடிவிடுவது எங்கள் வீட்டில் மாறாத ஒழுங்கு.

இனி நான்காவது மட்டம். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது.

பினாங்கு நீரிணையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2 மீட்டர். அட்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு நாளும் நேரம் ஐம்பது நிமிடம் போலப் பின்னால் தள்ளிப்போகும். எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு தாள்கள் தொங்குகின்றன, ஒன்று பஞ்சாங்க நாட்காட்டி, மற்றது ஓத அட்டவணை. சில மாதங்களில் முதல் தாளைப் பார்த்தே இரண்டாவதைச் சொல்லப் பழகிவிட்டோம்.

நங்கூரச் சங்கிலியின் நீளத்தை முடிவு செய்வதும் இந்த மட்டம்தான். வற்றின நேரத்தில் ஆழம் 6 மீட்டர் என்றால் அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஏற்றத்தில் வரப்போகும் 2 மீட்டரைச் சேர்க்க வேண்டும். சங்கிலி இறங்கும் முன்முனை நீருக்கு மேல் ஒரு மீட்டர் இருப்பதையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 9. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 45 மீட்டர் சங்கிலி விட்டால் அது அடியில் படுத்துக் கிடந்து நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும், மேலே தூக்காது. இங்கே அடிநிலம் சேறு, நங்கூரத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெளியே எடுக்கும்போது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கழுவித்தான் உள்ளே விட வேண்டும்.

நீரோட்டம் நாளுக்கு நான்கு முறை திரும்புகிறது. அதோடு படகும் திரும்புகிறது. காலையில் ஜன்னலில் தெரிந்த ஜெரெஜாக் மதியம் எதிர்ப் பக்கத்தில் இருக்கும். காற்று ஒரு திசையும் நீரோட்டம் எதிர்த் திசையுமாக இருக்கும் வேளைகளில் படகுக்கு எதன் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. அடிக்கட்டை நீரோட்டத்துக்கு நிற்கும், மேல்பாகத்தைக் காற்று தள்ளும், சங்கிலி படகின் வயிற்றில் உரசி உறுமும். ‘காத்தப் பாக்காதீங்க தம்பி, தண்ணி எங்க போவுதுன்னு பாருங்க’ என்று எனக்குச் சொன்னவர், வெல்ட் கீ பக்கம் வசிக்கும் வயதான தமிழ் முஸ்லிம் ஒருவர். அவருடைய அத்தா தொங்காங்கில் வேலை செய்தவர். நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்த்த அந்தப் பெரிய படகுகளில் சீனர்களோடு நம் ஆட்களும் உழைத்தார்கள். 1969இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகம் என்ற நிலையை இழந்தது. பட்டர்வொர்த்தில் ஆழ்நீர்த் துறைகளும் வந்தன. தொங்காங்குகள் போய்விட்டன. அந்தப் பெரியவர் இன்னும் ஜன்னலுக்கு வெளியே மிதக்கும் குப்பையின் போக்கைப் பார்த்தே நேரத்தைச் சொல்கிறார்.

அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சீனக் குலத்தாரின் ஜெட்டிகள். சியூ, லிம், டான், லீ என்று குலத்துக்கு ஒன்றாகக் கடலுக்குள் மரக்கால் நட்டுப் பலகை பாவி வீடு கட்டியவர்கள். 1880களில் வெல்ட் கீ கடற்கரை நிரவப்பட்ட பிறகு உருவானவை அவை. கோய் ஜெட்டி 2006இல் இடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2008இல், ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளி எனக்கு ஆறாத வருத்தம். நீர்மேல் குடித்தனம் என்பதில் இந்தத் தீவில் நாங்கள் புதியவர்கள், அவர்கள் பழையவர்கள். பலகையின் இடுக்கில் நீரைப் பார்த்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் கேட்டால் போதும், எந்த ஏற்றத்தில் படிக்கட்டின் எத்தனையாவது படி நனையும் என்று சொல்லிவிடுவார்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏழடி அகலமே உள்ள நீண்ட படகுகளில் ஆயிரக்கணக்கானோர் வசிக்கிறார்கள். எல்.டி.சி. ரோல்ட் என்பவர் 1939இல் மனைவியோடு ‘கிரெஸி’ என்ற படகில் குடியேறி, அந்த அனுபவத்தை 1944இல் நூலாக்கினார். கைவிடப்பட்டுக் கொண்டிருந்த கால்வாய்களைக் காக்க அதிலிருந்து ஓர் இயக்கமே எழுந்தது. நிலையான துறை இல்லாத படகுக்காரர்கள் அங்கே பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. ஓதம் ஏறாத நீர் அது. மதகுகளைக் கடந்துதான் மட்டம் மாற வேண்டும். அவர்களுடைய குறிப்புகளைப் படிக்கும்போது தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கழிவுத் தொட்டி பற்றிய வரிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சாகவே இருக்கின்றன. கடல் மட்டம்தான் எங்களுக்கு மட்டும் உரியது.

இரவில் அதைக் காதால் பார்க்கிறோம். படுக்கை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், படகின் சுவரில் காது வைத்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓயாத சடசடப்பு கேட்கும். அது கொடுக்கைச் சொடுக்கும் ஒருவகை இறால்களின் ஒலி. அதற்கு மேல் நீரோட்டம் சுவரை உரசும் சலசலப்பு. அது தேய்ந்து நின்றால் ஓதம் திரும்புகிறது என்று பொருள். தூக்கத்திலேயே அது மனதில் பதிந்துவிடுகிறது. வழக்கத்துக்கு மாறான ஒலி என்றால் இருவரும் ஒன்றாக விழித்துக்கொள்கிறோம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் அடிக்கும். மேற்கே கருத்த வரிசையாக மேகம் எழும். காற்று சட்டென்று குளிரும். சில நிமிடங்களில் 30, 40 நாட் வேகத்தில் வந்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் படுக்கும் முன்பே கூடாரத்தைச் சுருட்டி, சின்னப் படகைத் தூக்கிக் கட்டி, இயந்திரச் சாவியை அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் தூங்குகிறோம். அருகே ஒரு விளக்கு, அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு விளக்கு என்று ஒரு சோடியை மனதில் குறித்துக்கொள்வோம். நள்ளிரவில் மேலேறிப் பார்க்கும்போது இரண்டும் விலகியிருந்தால், படகு சங்கிலியில் திரும்பி நிற்கிறதா, நங்கூரம் இழுபடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எதிரே இருக்கும் ஜெரெஜாக்கில்தான் அக்காலத்தில் கப்பலில் வந்த நம்மவர்களை நோய்த்தடுப்புக்காக இறக்கி நாள்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். ராஜுலா போன்ற கப்பல்களின் மேல்தட்டில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த குடும்பங்கள், பினாங்கை எட்டிப் பார்த்தபடி இந்த நீரோட்டத்தின் அக்கரையில் காத்திருந்தார்கள். அவர்களும் இதே ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு எளிதில் கடந்துபோக முடியாத எண்ணம்.

சூறைக்காலத்துக்கு முன்பாகப் படகைக் கரையேற்றப் போகிறோம். அடியில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டித் தாமிர வண்ணம் பூச வேண்டும். உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் துத்தநாகக் கட்டியை மாற்ற வேண்டும். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பி, இதுவரை பெட்டியிலேயே கிடந்த முனையில் நங்கூரத்தைப் பூட்ட வேண்டும்; சேற்றில் தேய்ந்த பாதிக்கு அப்போதுதான் ஓய்வு. சுங்கை ஆராவிலிருந்து படகு வாங்க ஆசைப்படும் இளம் தம்பதியர் உதவிக்கு வருகிறார்கள். சங்கிலியில் பத்து மீட்டருக்கு ஒரு வெள்ளைப் பட்டை அடிக்கும் வேலையை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். படகு நீரில் இறங்கியதும் வரும் அமாவாசை ஏற்றத்தில் அவர்களே ஆழத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, நங்கூரம் இறக்கட்டும்.