நல்லநாச்சிக்கு அதற்குப் பிறகு

2003இல் எங்கள் பள்ளிக்கூடத்தில் பண்டாரவன்னியன் நாடகம் போட்டார்கள். சமாதான காலம், ஏ9 வீதி திறந்திருந்தது. வன்னி அரசன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரனிடம் தோற்று 200 வருடம் நிறைந்த ஆண்டு அது. எனக்கு 13 வயது. நல்லநாச்சி வேடம் எனக்குக் கிடைத்தது. அம்மாவின் கூறைச்சேலையை உடுத்து, மட்டையில் வெட்டி மினுக்கத் தாள் ஒட்டிய முடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடையேறினேன்.

முல்லைமணி எழுதிய நாடகத்துக்குப் பிறகு அந்தக் கதை தெரியாத பிள்ளை வன்னியில் இல்லை. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சி. காக்கை வன்னியன் அவளைப் பெண் கேட்கிறான். கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கிறான். எங்களுக்கு எழுதித் தந்த நாடகத்தில் அண்ணன் விழுந்ததும் திரை மூடிவிடும். எனக்குக் கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. திரைக்குப் பின்னால் முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன்.

"அதுக்குப் பிறகு நல்லநாச்சிக்கு என்னப்பா நடந்தது?"

அப்பா மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினார். "அதை ஒருத்தரும் எழுதேல்லைப் பிள்ளை."

அப்பா விடுதலைப் புலிகள் இயக்கத்தின் நிர்வாகத்தில் ஒரு பொறுப்பில் இருந்தவர். துவக்குத் தூக்கியவர் அல்ல. காணிப் பிணக்கு, குளத்துத் தண்ணீர், கூட்டுறவுக் கடைக் கணக்கு என்று அவரிடம் ஆட்கள் வருவார்கள். ஒட்டுசுட்டான் சந்தியில் அவரோடு போனால் கடைக்காரர் எழும்பி நிற்பார். "பொறுப்பாளற்ற மகள்" என்றுதான் என்னைச் சொல்வார்கள். அரண்மனை எங்களுக்கு இல்லை, மண்சுவர் வைத்த ஓட்டு வீடுதான். ஆனாலும் நான் அப்போது ஓர் அரசகுமாரியாகத்தான் நடந்தேன். இப்போது அதைச் சொல்லக் கூச்சம் இல்லை.

ஒவ்வோர் ஆவணியிலும் அப்பா என்னைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். இரண்டு மாதம்தான். ஒக்டோபர் 31ஆம் திகதி விடியற்காலையில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைச் சுற்றி வளைத்தது. வெள்ளைக்காரன் அந்த இடத்தில் ஒரு கல் நட்டான். இன்ன திகதியில், இந்த இடத்தருகே, இன்னார் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்னக் கல். அப்பா விரலால் எழுத்தைத் தடவி வாசித்துக் காட்டுவார். "பார், தோற்கடிச்சதெண்டுதான் கிடக்கு. செத்ததெண்டு இல்லை."

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் காட்டுப் பற்றுகள் சிலவற்றை வன்னிச்சி என்ற பட்டத்தோடு பெண்களே ஆண்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அவர்களுக்கு எங்கும் கல் இல்லை.

அப்பா விழுந்தது 2009இல் என்றுதான் வெளியில் சொல்வோம். எனக்குத் தெரிந்து அது அதற்கு முதலே தொடங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கட்டாயமாகக் கொண்டுபோன காலத்தில், விடிய எழும்பினால் எங்கள் விறாந்தையில் தாய்மார் இருப்பார்கள். "ஐயா, ஒருக்காச் சொல்லி எடுத்துத் தாங்கோ." அப்பாவிடம் பதில் இல்லை. முதலில் அவர்களோடு இருந்து கதைத்தார். பிறகு தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருநாள் பின்படலையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் குசினி யன்னலால் கண்டேன். முன்னால் ஓர் அம்மா, படித்த சேட்டிபிக்கட்டுகளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்கு 17 வயதுதான் என்று காட்டக் காத்திருந்தா. நான் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினேன். அவ வாங்கவில்லை. எனக்கும் அப்போது 17 வயது. நான் வீட்டில் இருந்தேன்.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. 25ஆம் திகதி முல்லைத்தீவு. உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம் எல்லாம் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. நம்பிப் போனோம். அங்கேயும் செல் விழுந்தது. பிறகு இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் இடத்திலும் பங்கர் வெட்டினோம். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாதபோது அம்மா சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்தா. அந்தக் கூறைச்சேலையும் போனது. நல்லநாச்சியின் சேலைக்குள் கடற்கரை மணலை நிரப்பியவள் நான்தான். வலைஞர்மடத்தில் அம்மம்மா போனா. அவவுக்கு வெட்டிய பங்கரையே அவவுக்கு மூடினோம். கடைசி வாரங்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்ட கஞ்சிதான். அப்பா வரிசையில் நின்று வாங்கி வருவார். அங்கே அவருக்கு ஒருவரும் இடம் விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மே 18ஆம் திகதி வட்டுவாகல் பாலத்தடியில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அப்பா இடுப்பிலிருந்து பொலித்தீனில் சுற்றிய குடும்ப அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு 19, தம்பிக்கு 12.

"தம்பின்ர கையை விடாதை. அம்மாவுக்குத் தண்ணி குடு."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெயர் பதியும் பக்கம் நடந்தார். அங்கே பஸ் நின்றது. ஏறும்போது செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிப் போட்டுக்கொண்டு ஏறினார். கோயிலுக்கோ பிறர் வீட்டுக்கோ போகும்போது செய்வதுபோல. அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தோம். முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று பெரிய தமிழர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களுக்குள்ளே எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு இருந்தோம். "கேட்டால் கமம் செய்தவர் எண்டு சொல்லுங்கோ" என்று பக்கத்துத் தறப்பாளில் இருந்த மாமி காதுக்குள் சொன்னா. ஊரில் எங்களைக் கண்டால் சிரிப்பவர்கள் தண்ணீர் பவுசர் வரிசையில் முகத்தைத் திருப்பினார்கள். அவர்களிலும் பிழை இல்லை. எங்களோடு கதைத்தால் ஆர் எழுதிக் கொடுப்பார்களோ என்ற பயம்.

பதிவுக்கு வந்தவர் படிவத்தை நீட்டினார். முதல் கட்டம்: குடும்பத் தலைவர். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னா. ஆள் எங்கே என்று கேட்டார். "வருவார்" என்றா அம்மா. ஆள் இல்லாமல் எழுத ஏலாது என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் பேனையை வாங்கி என் பெயரை எழுதினேன். மட்டை முடியைவிட அந்தப் பேனை பாரமாக இருந்தது.

2011இல் ஊருக்கு விட்டார்கள். ஓடும் இல்லை, மரமும் இல்லை, கிணறு மட்டும் இருந்தது. வவுனியாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சேட்டுக்குக் கழுத்துப் பட்டி தைப்பது என் வேலை. அந்தக் காசில் தம்பி படித்தான். கலியாணப் பேச்சு இரண்டு முறை அப்பாவின் பெயரோடு நின்றது. மூன்றாவதாகக் கேட்டு வந்தவர் தானும் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். பிறகு காணாமற்போனமைக்கு ஒரு சான்றிதழ் தரலாம் என்று சட்டம் வந்தது. அம்மா இரண்டுக்கும் கையெழுத்து வைக்கவில்லை. "செத்ததெண்டு கல்லிலையே எழுதேல்லை" என்றா. அப்பா என்னிடம் சொன்னது அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

2017 மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் தாய்மார் காணாமற்போனவர்களைக் கேட்டு வீதியோரம் பந்தல் போட்டு இருந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதற்கு முந்தின மாதமே தொடங்கியிருந்தார்கள். அம்மா அப்பாவின் படத்தோடு போய் இருந்தா. ஒருநாள் சாப்பாடு கொண்டு போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் மகளின் பள்ளிக்கூடப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவவை உடனே தெரிந்தது. எங்கள் விறாந்தையில் தேத்தண்ணி வாங்காத அம்மா. எனக்குக் கால் ஓடவில்லை. அவதான் கூப்பிட்டா.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ. உங்கட அப்பாவை நான் திட்டாத நாள் இல்லை. இப்ப அவரையும் சேத்துத்தான் கேக்கிறன்."

நான் கட்டிக்கொண்டு போன சோற்றை மூன்று பேரும் ஒரு பாத்திரத்தில் தின்றோம். அவ அப்பாவை மன்னித்தா என்று நான் எழுத மாட்டேன். அப்படி அவ சொல்லவில்லை. ஆனால் விழுந்தவரின் மகளுக்கு என்ன மிச்சம் என்பதை அந்தப் பந்தலில்தான் விளங்கிக்கொண்டேன். காணியும் மதிப்பும் போய்விடும். பெயர் மட்டும் கைக்கு வரும். அதில் எழும்பி நின்ற கடைக்காரரும் இருக்கிறார், பின்படலையால் போன சைக்கிளும் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய ஏலாது.

தம்பி கொரியாவுக்கு வேலைக்குப் போனான். ஒரு லீவு நாளில் சியோலில் சாங்தொக் அரண்மனையைப் பார்த்துவிட்டு நிறம் பூசாத ஒரு மரவீட்டின் படத்தை அனுப்பினான். "அக்கா, இதில ஒரு அரசகுமாரி இருந்திருக்கிறா." அவள் பெயர் தொக்ஹே. தகப்பன் கோஜோங் அரசனை யப்பான்காரர் 1907இல் முடியிறக்கினார்கள். அவள் பிறந்தது 1912இல். தகப்பன் இறந்த பிறகு, 1925இல் படிப்பென்று சொல்லி அவளைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். நஞ்சு வைப்பார்கள் என்ற பயத்தில் பள்ளிக்குத் தன் தண்ணீரைத் தானே பிளாஸ்க்கில் கொண்டுபோவாளாம். மனம் கலங்கிப்போய், 37 வருடம் கழித்து 1962இல்தான் திரும்பினாள். 1989இல் அந்த வீட்டிலேயே இறந்தாள். தம்பி அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. மெனிக் பாமில் அம்மாவின் தண்ணீர்ப் போத்தலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன். அது அவனுக்குத் தெரியும்.

போன ஆவணியில் என் மகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு 9 வயது. போருக்குப் பிறகு அந்தக் கல்லை உடைத்திருந்தார்கள், திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்தைத் தடவி வாசித்துக் காட்டினேன். நல்லநாச்சியின் கதையையும் சொன்னேன்.

"பேந்து?" என்றாள்.

பாலை மரத்து நிழலில் இருந்தோம். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"பேந்து நல்லநாச்சி தம்பின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தா. அம்மாவுக்குத் தண்ணி குடுத்தா. சேலையைக் கிழிச்சு மண்மூட்டை தைச்சா. ஒரு கடதாசியில முதல் பேராத் தன்ர பேரை எழுதினா..."

மகள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறி இருந்து, விறாந்தையில் காத்திருந்த அம்மாவின் பகுதியிலிருந்து தொடர்ந்து சொன்னேன்.